கடைசி வீட்டுக்கு ஒரு கேபிள்

"எலுமிச்சை மரத்து வேர் வெட்டுப்படுமே, சார்?"

குன்றின் கடைசி வீட்டில் தனியாக இருந்த பெரியவர் இப்படிக் கேட்டதும், மின்சார ஆபீஸ் என்ஜினீயர் அளவு டேப்பைச் சுருட்டினார்.

அந்த ஒரு வீட்டுக்காக மின்கம்பி காட்டைக் கடந்து வந்தது. காற்றில் உரசி ஒரு பொறி விழுந்தால் காய்ந்த புல்லோடு குன்றே எரிந்துவிடும். கம்பியை மண்ணுக்குள் புதைக்கத் திட்டம். பெரியவர் கையெழுத்துதான் பாக்கி.

போட்டுவிட்டால், செவ்வாய்க்கிழமைதோறும் அளக்க யார் வருவார்கள்? மனைவி போனபின் அந்த வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் நடுநடுவே நிறுத்திக்கொள்ளும்.

"மரத்தைச் சுத்திக் கொண்டுபோகலாம் ஐயா. செலவுதான் கொஞ்சம் கூடும்."

சுற்றினால் கிணறு குறுக்கிட்டது. கிணற்றை விட்டு விலகினால் பாறை.

"பாறையைக் குடையற சத்தம் ஆகாது சார். எனக்குக் காது சரியில்லை."

"காது சரியில்லைன்னா சத்தம் கேக்காதே?"

"அது மட்டும் கேக்கும்."

"வாஸ்தவம்தான்," என்று இரண்டாவது டீக்கு உட்கார்ந்தார் என்ஜினீயர். குடித்ததும் கப்பைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

ஒரு செவ்வாயன்று செலவு எவ்வளவு என்று கேட்ட பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் அவர் வீட்டைப் போல நாலு வீடு கட்டலாம். தன் டீக்குத் துணை தேடி ஊரார் தலையில் கைவைப்பதா? அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய், என்ஜினீயர் உட்காரும் முன்பே பெரியவர் சொல்லிவிட்டார்.

"மரம் போனாப் போகட்டும் சார். அவ நட்டதுதான். மேல இருந்து திட்டுவா, திட்டட்டும். நேராவே தோண்டுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

என்ஜினீயரின் முகம் விழுந்துவிட்டது. சட்டைப்பையில் இருந்த பேனாவை மூன்று இடத்தில் தேடினார்.

"அவசரப்படாதீங்க ஐயா. அங்க ஒரு எறும்புப் புத்து வேற இருக்கு. எறும்பு கேபிளைக் கடிச்சிடுச்சுன்னா? எல்லாத்தையும் மறுபடி அளக்கணும்."

"எறும்பா?"

"செவ்வாய்க்கிழமை வர்றேன்."

அப்போது மீட்டர் பார்க்கிற பெண் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். என்ஜினீயரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, சார்! செலவு கட்டாதுன்னு கம்பிக்கு உறை போட்டதோட இந்தத் திட்டத்தை விட்டாச்சு, நீங்களும் ரிட்டயர் ஆயிட்டீங்க. ஸ்டோர்ல இந்த டேப்பைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க!"