முகமூடியைக் கழற்றும் உரிமை

உலகத்தைக் காப்பாற்றுவது பெரிய காரியமே அல்ல. காப்பாற்றி முடித்த பிறகு நடுவில் யார் நிற்பது என்று தீர்மானிப்பதுதான் பெரிய காரியம். இந்தப் பேருண்மையை மனிதகுலத்துக்கு உணர்த்திய பெருமை ‘மின்னல் படை’ என்ற தொலைக்காட்சித் தொடரையே சேரும். முதல் சீசனில் படையில் ஐந்து வீரர்கள் இருந்தார்கள். நடு என்று ஓர் இடம் இருந்தது, அதற்காக அடித்துக்கொள்ளவும் வசதியாக இருந்தது. இரண்டாம் சீசனுக்கு ஆறாவதாக ஒருவரைச் சேர்த்தார்கள். ஆறு பேர் வரிசையாக நின்றால் நடுவில் யாருமே இல்லை. அன்று முதல் படையில் ‘ஒற்றுமை’ தலைவிரித்து ஆடியது.

இந்த ஆறு பேரிடமும் அடி வாங்கும் பாக்கியம் பெற்றவர் வில்லன். தொடரில் அவர் பெயர் இருளரசன். வீட்டில் வெறும் மாப்பிள்ளை. சுவரில் பல்லி ஓடினால் கட்டில்மேல் ஏறி நிற்கிற சாது. முதல் சீசன் முழுக்க உலகத்தை அழிக்க அரும்பாடு பட்டிருந்தார். ஆனால் தலையையே மூடிவிடும் கறுப்பு முகமூடிக்குள் இருந்தார். குரலையும் வேறொருவர் கொடுத்தார். அதனால் அவர்தான் இருளரசன் என்பது யாருக்கும் தெரியாது. முக்கியமாக, மாமியாருக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

“முகமூடிக்குள்ள யாரு வேணா இருக்கலாம் மாப்பிள்ளை. முகமே தெரியாத வேலையை நான் எதுக்கு உக்காந்து பார்க்கணும்?” என்று சொல்லி, அந்த அம்மாள் ஒருநாள்கூடத் தொடரைப் பார்த்ததில்லை. யாராவது விசாரித்தால், “மாப்பிள்ளைக்கு டிவி ரிப்பேர் வேலை” என்று பதில் சொல்லிவந்தார். அது வில்லனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அதனால்தான் புது சீசனின் முதல் பகுதிக் கதையைக் கேட்டதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசிக் காட்சியில் முகமூடி கழற்றப்படும். திரை முழுக்க அவர் முகம் தெரியும்.

“அத்தை, இந்தத் தடவை என் முகம் நல்லாத் தெரியும். நான்தான் வில்லன். கண்டிப்பா பாருங்க.”

மாமியார் தன் தங்கைகளையும் பக்கத்து வீட்டாரையும் வரச் சொல்லிவிட்டார். பொய் என்றால் சாட்சி வேண்டுமல்லவா?

இந்நிலையில் ‘முகமூடியைக் கழற்றுவது யார்?’ என்ற தலைபோகிற விஷயத்தை விவாதிக்க அவசரக் கூட்டம் கூடியது. நாற்காலிகள் வீரர்களுக்கே சரியாக இருந்ததால் வில்லன் கதவோரம் நின்றுகொண்டார்.

“நான்தான் சீனியர். நான்தான் கழட்டுவேன்” என்றார் நெருப்பு வீரர்.

“அப்ப நான் அவ்வளவு உயரத்துலேர்ந்து பறந்து வர்றது எதுக்கு? வேடிக்கை பார்க்கவா?” என்றார் பறக்கும் வீராங்கனை.

நினைத்த மாத்திரத்தில் மறைந்துபோகும் சக்தி படைத்த மாய வீரர் மேசையைத் தட்டினார். “போன சீசன்ல பாதி நேரம் நான் கண்ணுக்கே தெரியலை. இந்தத் தடவை நான் மறைஞ்சிருக்கற சீன்லயும் என் முகம் தெரியணும்!”

இதிலுள்ள நியாயத்தைத் தயாரிப்பாளர் உடனே ஏற்றுக்கொண்டார். பிறகு இயக்குநர் கண்ணை மூடி யோசித்து, “ஆறு பேரும் சேர்ந்தே கழட்டட்டும்” என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வில்லன் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

“சார், வேணும்னா நானே கழட்டிக்கட்டுமா?”

ஆறு பேரும் ஒரே சமயத்தில் கதவோரம் திரும்பினார்கள்.

“பார்த்தீங்களா சார் வில்லத்தனத்தை?” என்றார் நெருப்பு வீரர்.

தொடர்ந்து வேறு சில சீர்திருத்தங்களும் ‘ஏகமனதாக’ நிறைவேறின. வில்லன் யாரையும் திருப்பி அடிக்கக் கூடாது. அடித்தால் ரசிகர் மனம் புண்படும். ஆறு பேரும் கதவை உடைத்துக்கொண்டு நிதானமாக உள்ளே வர வேண்டும். அதற்கு நேரம் வேண்டுமே! உலகத்தை ஏன் அழிக்கிறேன் என்று இருளரசன் முழங்கும் நீண்ட வசனத்தை வெட்டினார்கள். வெடிகுண்டையும் வெட்டினார்கள். மிச்சம் இருந்தது, “யாரு நீங்க? எதுக்கு அடிக்கறீங்க?” என்பது மட்டும்.

“இதுதான் யதார்த்தமா இருக்கு” என்று இயக்குநர் மனம் நெகிழ்ந்தார்.

படப்பிடிப்பும் நடந்தது. ஒரே கதவை ஒட்டி ஒட்டி வைத்து, ஆளுக்கு ஒரு தடவை உடைத்தார்கள். ஆளுக்கு நாலு சாத்து சாத்தினார்கள். பிறகு ஆறு பேரும் முகமூடியைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். முகமூடி முதலில் வருமா, காது முதலில் வருமா என்றிருந்தது. நல்லவேளையாக முகமூடி வந்தது. அந்த வலியிலும் வில்லன், குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகிவைத்திருந்த பார்வையைக் காமிராவுக்கு அள்ளிக் கொடுத்தார். ஒளிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ஒளிபரப்பு நாளன்று வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. வில்லன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு உடைந்தது. மறுபடி உடைந்தது. உடைந்துகொண்டே இருந்தது. அடி விழுந்தது. முகமூடிமேல் ஆறு பேரின் கைகளும் மொய்த்தன. இதோ, கழன்றது!

திரையில் நெருப்பு வீரரின் அதிர்ந்த முகம். அடுத்துப் பறக்கும் வீராங்கனையின் அதிர்ந்த முகம். மறைந்திருந்த மாய வீரரின் முகமும் பளிச்சென்று அதிர்ந்தது. இப்படி ஆறு முகமும் அதிர்ந்து முடிந்ததும் பகுதியும் முடிந்து, எழுத்து ஓடியது. எடிட்டிங் அறையில் இன்னொரு கூட்டம் நடந்திருக்கிறது என்பது வில்லனுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம், அந்த முகமூடிக்காரர். தானுண்டு தன் வேலையுண்டுன்னு உக்காந்திருந்த மனுஷன்.”

“கதவை வேற விடாம உடைச்சாங்களேக்கா” என்றார் தங்கை.

“திருப்பி ஒரு அடி அடிச்சாரா? யாரு நீங்கன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லக்கூட ஆளில்லை. கடைசி வரைக்கும் அந்த நல்லவர் முகத்தைக் காட்டவும் விடலை.”

வில்லன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார், கல்யாணமான நாளிலிருந்து காட்டாத பெருமிதத்தோடு அவர் தோளில் கைவைத்தார்.

“நீங்க சொன்னது நிஜம்தான் மாப்பிள்ளை. வில்லன் முகம் நல்லாத்தான் தெரிஞ்சுது. ஆனா அந்த மேக்கப்புல எனக்கு ஆள் அடையாளம் தெரியலை. அந்த ஆறு வில்லன்ல நீங்க யாரு?”