அபூ மிஷால் வீட்டு வாக்கு

ஏணி போன பிறகுதான் கலஃபுக்கு நிலைமை புரிந்தது.

"ஏணியை ஏன் கொடுத்தே?" என்று மனைவி ஹியாமைக் கேட்டான்.

"நானா கொடுத்தேன்? பக்கத்து வீட்டம்மா கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உங்க பிள்ளை கொடுத்துட்டான்."

பிள்ளைக்கு இரண்டரை வயது. பெயர் மிஷால். வாசற்படியில் உட்கார்ந்து, அப்பாவைப் போலக் கால்மேல் கால் போடப் பார்த்து, கால் எட்டாமல் பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தான்.

"அவங்ககிட்ட என்னடா சொன்னே?"

மிஷால் நிமிர்ந்தான். வலது கையை நெஞ்சில் வைத்தான். பிற்காலத்தில் மீசை முளைக்கவேண்டிய இடத்தை இரண்டு விரலால் நீவினான். தொண்டையைச் செருமினான். "காப்பி குடிங்க. வந்த காரியம் முடிஞ்சுது."

கலஃபுக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்ததுபோல் இருந்தது.

தெரா நகருக்குப் பக்கத்தில், போர் வந்து இடிக்குமுன் அந்தச் சந்து சந்தாக இருந்த நாட்களில், தண்ணீர் மோட்டார் பழுதானால் கலஃபை விட்டால் ஆள் கிடையாது. கடைக்கு யார் வந்தாலும் கசப்புக் காப்பியை ஊற்றி நீட்டி அவன் சொல்லும் வார்த்தை அது. பெண் கேட்டு வருகிறவர்களுக்குச் சம்மதம் சொல்கிற வார்த்தையை மோட்டார்காரர்களுக்குச் சொல்வது அவனுடைய வேடிக்கை. மோட்டார் என்னவோ மூன்று வாரம் கழித்துத்தான் ஓடும்.

ஏணிக்கு முன்பே ஒரு முட்டைக்கோழியும் பெரிய செம்புப் பானையும் போயிருந்தன. வீட்டில் சொன்ன வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது? மிஷால் பேசுவதைக் கேட்பதற்கென்றே சந்துப் பெண்கள் ஏதாவது கேட்டு வரத் தொடங்கினார்கள்.

"போனது போகட்டும்," என்றாள் ஹியாம். "வெள்ளிக்கிழமை என்ன பண்ணப் போறீங்க?"

கலஃப் பிள்ளையைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை அவன் தங்கை ருதைனாவைப் பெண் கேட்டு நவா ஊரிலிருந்து ஒரு மாட்டு டாக்டரின் குடும்பம் வருகிறது. தகப்பன் இறந்தபின் அவளை வளர்த்தவன் கலஃப். முன்பு வந்த இரண்டு கூட்டத்தையும், "ஆலிவ் அறுவடை முடியட்டும், பார்க்கலாம்," என்று சொல்லி, காப்பியை ஆறவைத்து அனுப்பியிருந்தான். மாப்பிள்ளைகளிடம் குறை ஒன்றுமில்லை. அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை வெளியே சொல்லவும் முடியாது. இந்த முறையும் ஆலிவையே நம்பியிருந்தான். பெண் கேட்க வருகிற பெரியவர், ஊர் வழக்கப்படி, காப்பியைத் தொடாமல் கீழே வைப்பார். வீட்டார் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் எடுப்பார். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது.

அன்றைக்கே கலஃப் கடையில் அந்த வார்த்தையை நிறுத்தினான். "வெச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றான். யாரோ அவனுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து வீட்டுக்குச் சூப் கொண்டுவந்தார்கள். வாசலில் அவர்களை வரவேற்ற மிஷால், காப்பி குடிக்கச் சொல்லி, அவர்களுடைய மோட்டாரை மறுநாளே தருவதாக ஒப்புக்கொண்டான்.

அடுத்து, வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு பேரீச்சம்பழம் என்றான் கலஃப். பிள்ளை அந்த வார்த்தையைச் சொல்வான், உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பழத்துக்குக் காத்திருப்பான். ஒரே நாளில் பன்னிரண்டு பழம்.

"என்கிட்ட விடுங்கண்ணே," என்றாள் ருதைனா. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அடுப்படியில வெச்சு மூணு நாள்ல மறக்கடிச்சிடறேன்."

"மறந்துடுவானா?"

"நீங்க வளர்த்த பொண்ணுண்ணே நான். சொன்னா செய்வேன்."

கலஃபுக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படிப்பட்டவளை எப்படி அனுப்புவது?

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஆண்கள் வந்து சுவரோரமாக அமர்ந்தார்கள். மிஷாலைப் பெண்கள் பக்கம் வைத்துக் கதவைச் சாத்தியாயிற்று. அவன் அழுத அழுகையில் கூடத்தில் ஒரு பேச்சும் காதில் விழவில்லை. வேறு வழியின்றிக் கலஃபே போய்த் தூக்கிவந்து மடியில் வைத்து, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் திணித்தான். அது தீருமுன் இன்னொன்று.

கூட்டத்துக்குத் தலைவர் அபூ காலிப், வெள்ளைத் தாடிக்காரர். காப்பியை வாங்கிக் கீழே வைத்தார். ஆண்டவனைத் துதித்தார், இரு குடும்பங்களையும் புகழ்ந்தார், பெண்ணைக் கேட்டார்.

கலஃப் ஆலிவை நினைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினான்.

மடியில் இன்னொரு செருமல் கேட்டது. மிஷால் பழத்தை விழுங்கிவிட்டு, நெஞ்சில் கை வைத்து, மீசையில்லாத மீசையை நீவி, அபூ காலிபை நேராகப் பார்த்தான்.

"மாமா, காப்பி குடிங்க. பொண்ணு கொடுத்தாச்சு."

கலஃப் பதறினான். "குழந்தை, ஹாஜி. கடையில நான் பேசறதைக் கேட்டுக் கேட்டு…"

"கடையில பொண்ணா கொடுக்கறீங்க, அபூ மிஷால்?" என்றார் கிழவர்.

"அதில்லைங்க. வீட்டுப் பெரியவன் நான் இன்னும் சொல்லலையே."

"உங்களையே நாங்க அவன் பேரைச் சொல்லித்தானே கூப்பிடறோம்? மிஷாலோட அப்பான்னு. இவன் சொன்னதுக்கு மேல நீங்க என்ன சொல்லப் போறீங்க?" கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பன்னிரண்டு கோப்பைகளும் காலியாயின. அடுத்த நொடியே அடுப்படியிலிருந்து பெண்களின் குலவை வீட்டுக் கூரையைத் தூக்கியது. தயாராக நின்றிருந்தவர்கள்போல.

எல்லோரும் கை ஏந்தி, பேச்சை உறுதிசெய்யும் ஃபாத்திஹா ஓதினார்கள். கலஃபும் ஓதினான். பாதியில் அவன் குரல் உடைந்தது. பக்கத்திலிருந்தவர் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டினார்.

ஓதி முடிந்ததும் கலஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். கடையில் அவன் மோட்டாரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான், பைப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். பொண்ணு என்ற வார்த்தை பிள்ளை வாயில் எங்கிருந்து வந்தது?

மிஷால் மடியிலிருந்து நழுவி இறங்கினான். பன்னிரண்டு ஜோடிக் கால்களையும் தாண்டி அடுப்படி வாசலுக்கு ஓடினான். அங்கே காப்பித் தட்டோடு நின்ற ருதைனாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து, பழத்துக்குக் கை நீட்டி, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டான்:

"அத்தே, சரியாச் சொன்னேனா?"