டப்பா மேடமும் ஹால் டிக்கெட்டும்

மைசூரில் டப்பா மேடம் அளவுக்கு ‘முடியாது’ என்ற வார்த்தையைக் கேட்ட மனிதப் பிறவி இன்னொன்று இருக்க வாய்ப்பே இல்லை. நாலு வருஷம், வாரத்துக்கு மூன்று தரம், கன்னடத்தில், தமிழில், ஆங்கிலத்தில் கேட்டார். ஒவ்வொரு தரமும் ஏதோ நல்ல சேதி வந்ததுபோல் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

பல கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் பெரிய நிறுவனம் எங்களுடையது. கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு எதிர் மேஜை அவருக்கு. சொந்த ஊர் கொள்ளேகால். தினமும் பஸ்ஸில் வந்து போவார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை.

பட்டப்பெயர் வந்தது கன்டெய்னரால். ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான சகலத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டால், எந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாலும் முரண்டு பிடிக்காமல் ஓடும். அந்தக் கட்டுக்குப் பெயர் கன்டெய்னர்; எங்கள் ஆபீஸ் வாயில் டப்பா. நாமும் அதற்கு மாறிவிட வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு இதை விளக்கியிருக்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பட்டு வியாபாரிக்கு டி.நரசீபுரம் வருவதற்குள் புரிந்துவிட்டது. எங்கள் ஆபீசுக்குத்தான் புரியவில்லை.

புதிதாக எது வந்தாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் எடை, உயரம் என்று கட்டங்கள். மேடம் இரண்டிலும் ‘இல்லை’ என்று எழுதினார். மறுவாரமே சொத்துப் பிரிவிலிருந்து ஒருவர் எண் போட்ட ஸ்டிக்கரோடு வந்து, கன்டெய்னரைக் காட்டச் சொன்னார். காட்ட ஒன்றுமில்லை என்றதும், கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் தன் வேலை போய்விடும் என்று வருத்தப்பட்டார். செக்யூரிட்டிக்காரர்கள் லாரி நம்பர் கேட்டார்கள். மேடம் கொடுக்காவிட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று பின்வாசலில் லாரிக்கு இடம் ஒதுக்கிக் கயிறு கட்டிவிட்டார்கள். ஆறு மாதம் அங்கே யாராலும் ஸ்கூட்டர் நிறுத்த முடியவில்லை.

எங்கள் துறைத்தலைவர் மைசூர் விஜயநகர்க்காரர், தமிழர், ரிட்டயர் ஆக அப்போது ஐந்து வருஷம் பாக்கி. அதுவரை எந்தக் கம்ப்யூட்டரும் தும்மக்கூடக் கூடாது என்பதே அவருடைய கொள்கை. “ஓடிட்டிருக்கிறதை ஏம்மா தொடணும்?” என்பார். மேடத்தின் தொல்லை தாங்காமல் கடைசியில் ஒரே ஒரு சலுகை கொடுத்தார். கேன்டீனில் இன்றைக்கு என்ன டிபன் என்று காட்டும் பக்கத்தை மட்டும் கன்டெய்னரில் போட்டுக்கொள்ளலாம்.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். மேடம் அந்த டிபன் பட்டியலை ஏதோ ராக்கெட் ஏவுவதுபோல் ஏவினார். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அது நிற்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது. மறுநாள் தேர்வு. காலை பதினோரு மணிக்கு ஹால் டிக்கெட் பக்கம் படுத்துவிட்டது. மாணவர்களின் விவரங்கள் வேறொரு கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. டிக்கெட்டை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்தான் செத்துப்போயிருந்தது. மாற்றுக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அங்கே அது இல்லை, இது பழசு என்று ஓட மறுத்தது. எல்லா மேஜைகளிலும் போன் அலறியது. ஹால் டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களா என்று பிள்ளைகள் அழுதார்கள். என்னிடம் ஒரு அப்பா கெஞ்சினார்.

துறைத்தலைவர் வியர்த்துக் கொட்டியபடி மேடத்தின் மேஜைக்கு வந்தார்.

“ஏம்மா, உங்க டப்பா ஓடுதா?”

“ஓடுதுங்க சார். இன்னிக்குப் புளியோதரை.”

“இந்த ஹால் டிக்கெட்டையும் அதுமாதிரி கட்டணும்னா எத்தனை நாள் ஆகும்?”

மேடம் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். “கட்டியாச்சுங்க. ரெண்டு வருஷமா வெச்சுருக்கேன். நீங்க அதுல எதை மாத்தினாலும் நானும் இதுல மாத்தி வெச்சுருவேன். கையெழுத்துத்தானுங்க பாக்கி.”

முடியாது, முடியாது என்று தான் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் இந்த அம்மாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் துறைத்தலைவருக்கு உறைத்திருக்க வேண்டும். படிவத்தை வாங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் ஹால் டிக்கெட் பக்கம் எழுந்து உட்கார்ந்தது. போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

கடைசியாக வந்த போனை மேடமே எடுத்தார். கொள்ளேகாலுக்கு அப்பால் மார்டள்ளி கிராமத்திலிருந்து ஒரு பெண், டிக்கெட் வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். “போட்டோ தெளிவா விழுந்திருக்குதா கண்ணு? செரி, போய் நல்லாப் படி” என்று போனை வைத்த மேடம், கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒவ்வொரு மென்பொருளாகக் கன்டெய்னருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வேகம் என்று சொல்ல முடியாது, ஆனால் நிற்கவில்லை. எங்கள் மற்ற ஊர்க் கிளைகள் தாமாகவே மேடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. போன மாதம் ஹுப்பள்ளி, இந்த மாதம் மங்களூர். மேடம் அங்கெல்லாம் போயிருப்பதால் எதிர் மேஜை காலியாகத்தான் கிடக்கிறது. அந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால், ஆள் வருவாங்க என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.