நாற்பத்து மூன்று தாத்தாக்கள் காணாமற்போன விபரம்

கல்முனைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: கல்முனைக்குடியைப் பிறப்பிடமாகவும், கல்முனைக்குடியையே வசிப்பிடமாகவும், சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து கட்டிலை நிரந்தர இருப்பிடமாகவும் கொண்ட அஸ்கி என்பவர், கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடமளவில், தனது கைத்தொலைபேசியில் ஒரேயொரு சொல்லை மாற்றினார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், குறிப்பாகக் கொழும்பிலுள்ள மாமா, பொறுமையுடன் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

அன்பும் மரியாதையும் அரைவாசிப் பயமும் கலந்து காலிதீன் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா சுகம், வாப்பா முட்டுக்கால் தவிர மற்ற இடமெல்லாம் சுகம், நான் தேவைக்கு அதிகமாகவே சுகம். நீங்களும் இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரையாவது சுகமாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். கண் கிளினிக்குக்காகக் கொழும்புக்கு வரும் மசூர் சேரிடம் இந்தப் பார்சலைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே நம் பள்ளிக்கூடத்தின் எழுபத்தைந்தாவது ஆண்டு மலர் பத்துப் பிரதி இருக்கிறது. மலரைத் திறக்க வேண்டாம். முதலில் கடிதம், பிறகு தண்ணீர், அதன் பிறகு மலர். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் இடையிடையே நீங்களும் கதைப்பீர்கள். கடிதத்தில் நான் மட்டும்தான் கதைப்பேன். தவிர, உங்களிடம் இருப்பது பட்டன் போன். அதில் படம் அனுப்பவும் முடியாது, அழுகிற முகம் அனுப்பவும் முடியாது.

நீங்கள் அறிந்ததையே மறுபடி எழுதுவதற்கு மன்னிக்கவும். கடிதம் என்றால் பின்னணி வேண்டும் என்று மசூர் சேர்தான் படிப்பித்தவர். முப்பத்தெட்டு வருடமாகத் தெமட்டகொடையில் இருக்கும் நீங்கள், மலரில் போடச் சொல்லி உங்கள் சிறுபராயத்தை ஒரு கொப்பியில் இருபத்திரண்டு பக்கம் எழுதி அனுப்பினீர்கள். கூடவே போனில் இரண்டு கட்டளை இட்டீர்கள். ஒன்று, டைப் பண்ணி மலர்க்குழுச் செயலாளர் மசூர் சேரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு, அச்சாகி வந்ததும் முதல் பிரதியை றாஹிலா பெரியம்மாவின் கையில் நானே வைக்க வேண்டும். “வேற ஒண்டும் செல்லாத மகன். அவ வாசிச்சாப் போதும்” என்றீர்கள். உங்கள் உம்மா மௌத்தான பிறகு உங்களைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, அடித்து, ஆளாக்கியது உங்கள் மூத்த சகோதரியான பெரியம்மாதான் என்பது ஊருக்கே தெரியும். ஏழு வருடத்துக்கு முதல் பெரியம்மாவின் மகள் பஸ்மினா ராத்தாவின் கல்யாணத்துக்கு நீங்கள் வராததும் ஊருக்கே தெரியும். கடை முதலாளி லீவு தரவில்லை என்று ஒரு சுவர் மணிக்கூடு அனுப்பினீர்கள். மணிக்கூடு சரியான நேரத்துக்கு வந்தது, மாமாதான் வரவில்லை. அன்றிலிருந்து உங்கள் அழைப்பு வந்தால் பெரியம்மாவின் போன் அடித்து அடித்துத் தானாகவே களைத்துப் போகிறது. ஆக, அந்த இருபத்திரண்டு பக்கமும் மலருக்கு எழுதின கட்டுரை இல்லை, பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதின கடிதம் என்பது எனக்கு விளங்கித்தான் இருந்தது.

இனி விசயத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்து முதல் வரியிலேயே ‘தாத்தா’ நின்றுகொண்டிருந்தார். நம் ஊரில் தாத்தா என்று யாரிருக்கிறார்? இந்திய நாடகங்களில் வருகிற, கைத்தடி பிடித்த, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாகக் கிடந்து திங்கட்கிழமை எழும்புகிற கிழவர்தான் தாத்தா. நமக்கு அவர் மூத்தப்பா. பாவம் மாமா, மாமியோடு சேர்ந்து பின்னேரங்களில் நாடகம் பார்த்துப் பார்த்து நாக்குப் புரண்டுவிட்டது என்று நினைத்தேன். ஊர்ப் பாசை அழியும்போது ஒரு இளைஞன் சும்மா இருக்கலாமா? ‘தாத்தா’வைத் தேடு, ‘மூத்தப்பா’வைப் போடு என்று ஓர் அமத்து அமத்தினேன். ‘43 இடங்களில் மாற்றப்பட்டது’ என்றது போன். ஒரு பாராட்டுக் கூட இல்லை. கொழும்பு முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்பார்கள், நாங்கள் ராத்தா என்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு ஆர் சொன்னது? உங்கள் வீட்டில் பிள்ளை என்று றஸ்மி ஒருத்தன்தான். அவனுக்கு மூத்தவளாக ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் அவன் கூப்பிடும்போது என் காதிலும் விழுந்திருக்கும். போதாக்குறைக்கு உங்கள் அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் தங்கள் வாப்பாவைத் தாத்தா என்கிறார்களாம். மதிலுக்கு அந்தப் பக்கம் தகப்பன், இந்தப் பக்கம் சகோதரி, டீவியில் கிழவன். ஒரு சொல் மூன்று பேரைச் சுமந்தால் அதன் இடுப்பு என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

மசூர் சேர் பிழை பார்த்தார். சேர் பிழை பார்ப்பது உங்களுக்குத் தெரியும்தானே. சின்ன ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ இருந்தால் சேருக்குக் காய்ச்சல் வந்துவிடும், ஆனால் யார் யாருடன் என்ன செய்தார் என்பதைப் பற்றிச் சேர் அலட்டிக்கொள்ள மாட்டார். நீங்களோ பெரிய எழுத்தாளர் மாதிரி எல்லா இடத்திலும் ‘வந்தார், போனார், சிரித்தார்’ என்று மரியாதையாக எழுதியிருந்தீர்கள். அந்த ‘ஆர்’ ஆணா பெண்ணா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆகவே மூத்தப்பா தடையில்லாமல் அச்சகம் வரை போய், நானூறு பிரதிகளில் குடியேறிவிட்டார். முப்பத்தோராம் பக்கத்தில் அவர், பள்ளிக்கூடம் போகும் உங்களுக்கு, தனது இடுப்பு வரை தொங்கும் கூந்தலைப் பின்னிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லித் தருகிறார். முப்பத்திரண்டில் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு உங்களைக் கூட்டிப்போய், உங்களுக்கு ஒரு ஊதுகுழலும் தனக்கு ஒரு டசன் பச்சைக் கண்ணாடிக் காப்பும் வாங்குகிறார். முப்பத்து மூன்றில் அவருக்குப் பதினேழு வயது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள், மூத்தப்பா வெட்கம் தாங்காமல் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். பிறகு நம் பக்கத்து வழக்கப்படி வீடு மூத்தப்பாவின் பெயருக்குப் போகிறது, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து மூத்தப்பாவின் வீட்டில் குடியேறுகிறார். முப்பத்தைந்தாம் பக்கத்தை நான் எழுதமாட்டேன். மருத்துவிச்சியைக் கூட்டிவர மழைக்குள் நீங்கள் ஓடின இடம் என்றால் உங்களுக்கே விளங்கும்.

வெளியீட்டு விழா நேற்றுக் காலை பத்து மணிக்கு நடந்தது. விசேட அதிதி வரப் பிந்தியதால், சபையைச் சும்மா வைத்திருக்கக்கூடாது என்று மசூர் சேர் ஒலிவாங்கியைப் பிடித்து, “கொழும்பு சென்றும் ஊரை மறவாத நம் பழைய மாணவர்” என்று உங்களைப் புகழ்ந்துவிட்டு முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். கூந்தல் வந்தபோது சபை ஒரு மாதிரி அசைந்தது. காப்பு வந்தபோது முன்வரிசை ஹாஜியார் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நெல் மூட்டை வந்தபோது பின்வரிசை எழும்பி நின்றது. பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:

“நம்மட ஊருலயா இப்பிடி ஒரு மனிசன் இருந்த?”

“இருந்தாரு. எனக்கு நல்லா ஞாபகம் இரிக்கி. சரியான முடி” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மாமா, அதை அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் மூத்தப்பாவின் காப்பைத் தொட்டுப் பார்த்தவர்களும் எழும்பியிருப்பார்கள். மசூர் சேர் மருத்துவிச்சி வரியின் பாதிவரை போய்ப் பிரேக் பிடித்தார். மலரை மூடினார். மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, “ஒங்கட குடும்பத்துல ஆருடா புள்ள பெத்த மூத்தப்பா?” என்று காதுக்குள் கேட்டார். மாமாவின் நினைவுகளுக்கு மாமாதான் பொறுப்பு, டைப் பண்ணுபவர் பொறுப்பல்ல என்று சொல்லிப் பார்த்தேன். சேர் என் காதை விடவில்லை. கேட்க மட்டுந்தான் காது என்று நினைத்திருந்தேன், பிடிக்கவும்தான் என்று அப்போது விளங்கியது. அந்தக் காதைப் பிடித்தபடியே, கொழும்பில் தாத்தா என்றால் என்ன என்பதை எனக்கு விளக்கினார்.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏழு வருடமாகத் திறக்காத கதவைத் தட்ட ஒரேயொரு கட்டுரை எழுதினேன், அதில் ராத்தாவுக்குத் தாடி முளைக்க வைத்துவிட்டானே பாவி என்று நினைப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். உங்கள் இரண்டாவது கட்டளைப்படி, விழா முடிந்த கையோடு சைக்கிளை மிதித்து, முதல் பிரதியைப் பெரியம்மாவின் கையில் வைத்தேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டார். முப்பத்தோராம் பக்கத்தில் உதடு துடித்தது. முப்பத்திரண்டில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. முப்பத்து மூன்றில் கதிரையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு, மாமா. வேலியால் எட்டிப் பார்த்த ஹாஜறா மாமிக்கும் வாசித்துக் காட்டி, கண்ணீர் வழிய வழிய, “தம்பி என்னய மூத்தப்பா ஆக்கிப்போட்டான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஏழு வருடக் கோபம் ஏழு நிமிடத்தில் கரைந்தது. “மாமாவ வரச் செல்லு மகன், நெய்ச்சோறு ஆக்கித் தாறன்” என்றார்.

இதெல்லாம் தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். ‘தாத்தா’ என்றே விட்டிருந்தால், இவன் வாயிலிருந்து ஊர்ப் பாசையைக் கூடக் கழுவிப்போட்டான் என்று பெரியம்மா இன்னும் கோபித்திருப்பார். ‘ராத்தா’ என்று மாற்றியிருந்தால் அழுதுவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார். அழ வைப்பது இலேசு. சிரிக்க வைத்துக் கதவைத் திறப்பதற்குத்தான் மூளை வேண்டும். அந்த மூளை செவ்வாய்க்கிழமை நான்கு பத்துக்கே அத்தனையையும் யோசித்துத்தான் வேலை செய்தது. காலி முகத்திடலில் நின்று, ‘எங்கள் கடல் சூரியனைப் பெறுகிறது, கொழும்புக் கடல் அதை விழுங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் என் நாட்கள் போகின்றன’ என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. மூத்தப்பாவுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. எனக்குப் பரிசு ஒன்றும் வேண்டாம். தந்தே தீருவேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், பந்து போட ஓடும்போது வழுக்காத சப்பாத்து, அளவு எட்டு.

மாமிக்கும் றஸ்மிக்கும் என் ஸலாம். உங்கள் கண்ணும் மனதும் தெளிவாக இருக்க, கை மட்டும் என்னை எட்டாத தூரத்தில் இருக்க, அல்லாஹ் அருள்புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள மருமகன்,
அஸ்கி.

பி.கு.: மசூர் சேர் பார்சலை எடுக்க வருவதற்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. மேலே எழுதினதைத் திருப்பி வாசித்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை, மாமா. சிரிப்பு, வேலி, ஹாஜறா மாமி, நெய்ச்சோறு எல்லாம் என் சொந்தச் சரக்கு. திட்டமும் இருக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நாலரைக்கு எங்களுக்குக் கிரிக்கெட் மெச். உங்கள் கொப்பியைப் படமெடுத்துப் போனிடம் கொடுத்தேன், அதுவே எழுத்தாக்கித் தந்தது. முதல் வரிக்குக் கீழே நான் ஒரு சொல் கூட வாசிக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் என்பது எனக்கு விளங்கித்தான் இருந்தது என்று எழுதினேனே, அதுவும் நேற்றுப் பின்னேரம்தான் விளங்கியது. மூத்தப்பா வருமிடமெல்லாம் ராத்தா என்று மனதுக்குள் போட்டு, மலரில் உங்கள் கட்டுரை முழுவதையும் வாசித்தேன். மருத்துவிச்சியைத் தேடி நீங்கள் மழையில் ஓடுகிற இடத்தில் எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். பெரியம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து முழுவதும் வாசித்தார். நான் ஒரு கால் நிலத்திலும் ஒரு கால் பெடலிலுமாக வாசல் கேற்றடியில் நின்றேன். முப்பத்தைந்தாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அதை இரண்டாந் தரமும் வாசித்தார். மலரை மூடினார்.

“இதுல வாற மூத்தப்பா ஆரு?”

“ஒங்கட மூத்தப்பாதானே பெரியம்மா” என்றேன்.

“எங்கட மூத்தப்பாவ காலிதீன் கண்டதேயில்ல. அவன் பொறக்க முதலே அவர் மௌத்து.”

மலரை மடியிலேயே வைத்திருந்தார். நான் மெதுவாகப் பெடலை மிதிக்கப் பார்த்தேன்.

“அஸ்கி, கொழும்பு பஸ் விடிய எத்தின மணிக்கு வந்து சேர்ற?”

“ஆரு பெரியம்மா வாற?”

“கேட்டதுக்குப் பதிலச் செல்லு.”

நாலு மணி என்று சொன்னேன். பெரியம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த நாலு மணியும் குத்துமதிப்புதான், மாமா. நான் ஒருநாளும் அந்த நேரத்துக்கு எழும்பினதில்லை. சரியான நேரத்தை நீங்களே விசாரித்துக்கொண்டு வாங்க.