கம்பளி போர்த்திய கத்திகள்

ஒரு வேலையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாதவனுக்குத்தான் எங்கள் பக்கத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் நான் மகா கெட்டிக்காரன். பீர்மேட்டுப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஃபாக்டரிப் பட்டறையில் ஃபிட்டருக்குக் கையாள். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பென்சில் குத்தியிருக்கும். (எதற்கு என்று கேட்காதீர்கள். அதைக் கொண்டு நான் ஒரு எழுத்தும் எழுதியதில்லை.)

தோட்டத்துக் கங்காணி சுடலையாண்டி எனக்குத் தாய்மாமன். அவர் மகள் பேச்சியம்மாள் எனக்கு முறைப்பெண். கல்யாணப் பேச்சை நான் மெல்ல எடுத்தபோது மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

"கவாத்து வருதுல்லா? கத்திக்கெல்லாம் புதுப் பிடி நீதான போடப் போற? உன் கைவேலையைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

கவாத்து என்றால் தேயிலைச் செடியைக் கழித்துவிடுவது. அறுபது ஆட்கள், அறுபது கத்திகள். ஃபிட்டர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், அறுபது பிடியும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது.

பட்டறையில் கப்பியில் ஓடுகிற மூன்று பட்டைகள் இருந்தன. கித்தான் துணியில் வச்சிரப் பசை தடவி, மேலே எமரிக் கல்லின் பொடியைத் தூவிக் காயவைத்தவை. முதல் பட்டையில் பொடி கல்லுப்பு அளவு இருக்கும். இரண்டாவதில் ரவை அளவு. மூன்றாவதில் திருநீறு மாதிரி. எஞ்சின் ஓடும்போது மரத்தைக் கொண்டுபோய் வைத்தால் தேய்த்துத் தள்ளிவிடும்.

ஃபிட்டர் கிளம்பும்போது விரலை ஆட்டிச் சொன்னார். "கல்லுப்புல உருவம் எடு. ரவையில ஒரு தடவ காட்டு. அத்தோட நிப்பாட்டிரு. மூணாவது பட்ட பித்தளைக்குள்ளது. மரத்த அதுல காட்டுன, வந்து கைய ஒடிச்சிருவேன்."

அவர் தலை மறைந்ததும் நான் மூன்றாவது பட்டையைத்தான் மாட்டினேன். ரவைப் பட்டையில் தேய்த்த பிடி எனக்குச் சொரசொரவென்று பட்டது. இதைக் காட்டியா பெண் கேட்பது? அறுபது பிடியையும் திருநீற்றுப் பட்டையில் கொடுத்து, தேன்மெழுகு தேய்த்து, வேட்டி முனையால் துடைத்தேன். அப்படியும் மனசு அடங்கவில்லை. பிடியின் நுனியில் ஒரு குமிழ் விடுவார்கள். அது மரு மாதிரி அசிங்கமாகத் தெரிந்தது. கல்லுப்புப் பட்டையில் வைத்து அறுபது மருவையும் எடுத்து, அந்த இடத்தையும் பளபளவென்று ஆக்கிவிட்டேன்.

கொழுந்துக் கூடையோடு வந்த பேச்சி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது கத்திப் பிடியா அத்தான், மூஞ்சி பாக்கிற கண்ணாடியா?"

"ரெண்டுந்தான்."

"குமிழ எங்க? அப்பாட்ட கேட்டியளா?"

"வேலைப்பாடு தெரியாதவங்ககிட்ட என்னத்தக் கேக்க?"

அவள் பிடியை வைத்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நான் அதை மயக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் வேறொரு சங்கதி. அந்த வருஷம் குளிருக்கு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய கம்பளியை, ஸ்டோரில் இல்லவே இல்லை என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுக்கவில்லை. ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் குழந்தைகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தன. மாமா ஆபீசில் போய் நின்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து துரைக்கும் அவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. கங்காணி வேலை போய்விடும் என்று எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

கவாத்து தொடங்கும் நாள் காலையில் மாடசாமி பீடத்துக்கு முன்னால் வாழை இலை விரித்துக் கத்திகளை வைத்தோம். பனிமூட்டம் இறங்கித் தூறல் வேறு. பிடிகள் மின்னின. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பூசாரி வழக்கப்படி ஒவ்வொரு பிடியிலும் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டே போனார். பழைய பிடியென்றால் மரம் எண்ணெயைக் குடித்துவிடும். என் பிடிகள் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே, அதைச் சொல்லுங்கள்!

துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அவருக்கு மாலை போட வந்ததும் எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து மாமா முதல் செடியைப் பிடித்து, கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுத்தார். கவாத்து வெட்டு அப்படித்தான். கிளை வெட்டுப்பட்டது. கத்தி நிற்கவில்லை. மாமாவின் தோளைத் தாண்டிப் பறந்துபோய், துரை எழுந்த நாற்காலியில், அவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் நட்டுக்குத்தலாக இறங்கியது.

துரை நாற்காலியைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். முகம் வெள்ளையிலிருந்து இன்னும் வெள்ளையானது.

"கங்காணி," என்றார். "இது கம்பளிக்கு?"

மாமா மாடசாமியைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தார். கண்டக்டர் போலீஸ் என்றார். தாலுகாக் கச்சேரி என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு செடிக்குப் பின்னால் குத்தவைத்துவிட்டேன். என்னுடைய வீரம் அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ என் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். பேச்சி.

"போயிச் சொல்லுங்க. எங்கப்பா ஜெயிலுக்குப் போணுமா?"

தள்ளிய தள்ளில் துரையின் பூட்ஸுக்கு முன்னால் போய் விழுந்தேன். "பிடி வழுக்குது துரை. நாந்தான் தேச்சேன். அளவுக்கு மிஞ்சித் தேச்சுட்டேன். கை நழுவாம தடுக்கிற குமிழையும் எடுத்துட்டேன். மாமா மேல ஒரு குத்தமும் இல்ல." அழுதுவிட்டேன். நிஜமாகவே அழுதேன்.

துரை நம்பவில்லை. இலையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, பக்கத்துச் செடியில் தானே ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். அது அவர் கையிலிருந்து கிளம்பி, பூசாரியின் தலைக்கு மேலே போய், சர்க்கரைப் பொங்கல் பானையை இரண்டாகப் பிளந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் அவ்வளவு பேரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்த மாமாகூடச் சிரித்துவிட்டார். போலீஸ் பேச்சு அத்தோடு நின்றது.

பிடியில் துணி சுற்ற வேண்டும் என்றார்கள். துரை ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார். ஆள் என்ன கொண்டு வந்தான் என்று நினைக்கிறீர்கள்? புதுக் கம்பளி! இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணிய அதே கம்பளி. அதைக் கிழித்து அறுபது கத்திக்கும் சுற்றினார்கள். வேலைக்குப் போகிறவன் தோளில் சாக்கு, அவன் கையிலிருக்கும் கத்திக்குக் கம்பளி.

"பாவம், கத்திக்குக் குளிருதாம்ல!" என்று பேச்சி துரையின் காதில் விழும்படியே சொன்னாள். அடுத்த பத்து பெண்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். மலை முழுக்க அதுதான் பேச்சு. அந்த வாரமே லயத்துக்குக் கம்பளி வந்தது. அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. ஃபிட்டர் திரும்பி வந்து என் கையை ஒடிக்கவில்லை, பட்டறையை விட்டுத் துரத்தினார். அந்தக் கவாத்து முழுக்க மாமாவின் கீழே செடி வெட்டினேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

கவாத்து முடிந்ததும் மாமா பெண் கொடுக்கச் சம்மதித்தார். ("வேற எவன்லே உனக்குக் குடுப்பான்?") நான் தாலியை எடுத்த நேரம், "பொறுலே!" என்று ஒரு சத்தம். மேளம் நின்றுவிட்டது. மாமா அடுப்படியிலிருந்து ஒரு கை சாம்பலை அள்ளி வந்து, சபை நடுவில் என் இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்தார். "இப்பம் கட்டு. வழுக்கிக்கிட்டுப் போயிட்டா எம்மவளுக்கு எவன்லே பதில் சொல்லுவான்?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளையும் சாம்பல் தேய்க்காமல் தாலி கட்டியதில்லை. முதலில் கேலிக்குத்தான் செய்தார்கள். இப்போது அதற்கென்று ஒரு வெள்ளித் தட்டே இருக்கிறது. போன மாதம் பேரன் கல்யாணத்தில் சம்பந்தியம்மாள் அந்தத் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பயபக்தியோடு பேச்சியிடம் கேட்டாள்.

"இது எந்தச் சாமிக்குங்க?"

பேச்சி பந்தியைக் கையால் காட்டினாள். "அந்தா, முத எலயில உக்காந்து பாயாசத்த மேல ஊத்திக்கிட்டு இருக்காருல்லா, அந்தச் சாமிக்குத்தான்."