உப்பு மூட்டைப் பேய்

இந்தத் தடவை விசாலாட்சியிடம் தோற்பதில்லை என்று சபதம் எடுத்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இது முப்பதாவது சபதம்.

அவள் தங்கைக்குச் சென்னையில் கல்யாணம். இந்தத் தீவிலிருந்து கப்பலில் நாலு நாள் வாந்தி, இறங்கினால் ஒரு மாசம் மாமனார்! "எஞ்சினியர் சாப் லீவு தரமாட்டேங்கிறார்" என்று சொல்லிவிட்டேன். கேட்டால்தானே தருவார்.

எனக்கு வேலை வண்டூர் கெஸ்ட் ஹவுஸ் நீச்சல் குளத்தில். உப்புத்தண்ணீர்க் குளம். கரண்ட் பாய்ந்தால் தண்ணீரின் உப்பிலிருந்தே குளோரின் எடுத்து அழுக்கைக் கொல்லும் ஒரு மெஷின். மழையில் உப்புக் குறைந்தால் நான் மூட்டையிலிருந்து அள்ளிப் போட வேண்டும். மற்ற நேரம் ஷெட்டில் அந்த நாலு மூட்டைகள்மேல் தூங்குவேன். விசாலாட்சி வந்து பார்த்துவிட்டால்? "ஷெட்ல வெள்ளைக்காரன் காலத்துல சங்கிலி கட்டின கைதி ஒருத்தன் உலாத்துறான்டி" என்று கிளப்பிவிட்டேன். "ஐயையோ!" என்று தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு வாரம் அடைமழை. பகலே இருட்டு. தூங்கி எழுந்தால் கழுத்து வலித்தது. தினமும் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் நெற்றியில் சில்லென்று ஒரு சொட்டு விழும். எங்கேயோ சங்கிலி இழுபடும். கனவு என்று புரண்டு படுத்தேன்.

ஏழாம் நாள் மெஷினில் குமிழி வரவில்லை. குளம் பச்சையாகிவிட்டது. சாப் ஜீப்பில் வந்து கத்தினார். "வெள்ளிக்கிழமை கப்பல்ல டெல்லி ஆபீசர் வர்றார். தண்ணி சாஃப் ஆகலைன்னா உனக்கு கடைசித் தீவு கேம்பல்பேக்கு டிரான்ஸ்ஃபர்!"

அங்கே போகவும் கப்பல்தான்!

ஃபியூஸ் பார்த்தேன். சரி. ஒயர் சரி. தகட்டில் படிந்ததைச் சுரண்டினேன். ஊஹூம். குளத்துத் தண்ணீரை நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது. உப்பு அள்ள ஷெட்டுக்கு ஓடினேன். நாலு மூட்டையும் வயிறு ஒட்டிக் கிடந்தன.

சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடங்கள். பார்க்கப் பார்க்கக் காய்ந்து, ஒவ்வொன்றாக வெள்ளை பூத்தன. என் தலைமாட்டில் ஆரம்பித்து வாசல்வரை போயின. சுவருக்குப் பின்னால் ஜலங்... ஜலங்... சங்கிலி நடந்து போயிற்று. நான் கட்டின கதைக்கு எனக்கே வேர்த்தது. சத்தம் அடங்கியும் கால் எழும்பவில்லை. எழும்பினதும் வீடுவரை நிற்கவில்லை.

"பேய்டி! உப்பைத் தூக்கிட்டுப் போயிடுச்சு!"

விசாலாட்சி கட்டிலுக்கு அடியிலிருந்து டின்களை இழுத்தாள். எல்லாம் உப்பு. பக்கத்தில் கிணற்று வாளி, சங்கிலியோடு.

"பேய் இல்லீங்க, நான்தான். தினம் நாலு வாளி. உங்க தலைமாட்டுலதான் அள்ளினேன்."

"அடிப்பாவி! எதுக்கு?"

"மெஷின் நின்னாத்தானே சாப் இந்தப் பக்கம் வருவார்? காலைல ஜீப்பை மறிச்சு அழுதேன். 'என் வீட்டுக்காரரைப் பேய் பிடிச்சிருக்கு சாப், மெயின்லேண்டுல மந்திரிக்கணும்'னேன். ஒரு மாசம் லீவு. வர்ற கப்பல் திரும்பும்போதே ஏறணும். உப்பைக் குளத்துல கொட்டிட்டு வாங்க, பெட்டி கட்டணும்."

"அந்தக் கறார் மனுஷனா கொடுத்தார்?"

"அவருக்கும் ஆச்சரியம்தான். 'அரே, உன் புருஷன் இதுவரைக்கும் லீவே கேட்டதில்லையே'ன்னார்."