அலமாரியில் ஒரே ஒரு உருண்டை

உயிரே போனாலும் மருந்து தன் தொண்டையில் இறங்காது என்று பூட்டுக்காரர் சபதம் செய்தார். "ரத்தத்துல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. மூணு மாசம் மருந்து. இல்லேன்னா ஊசி" என்று டாக்டரம்மா சொன்ன அன்றே செய்த சபதம்.

"நாள் பூரா இரும்போடதான் கிடக்கேன். எனக்கா இரும்பு இல்ல?" என்றார் மனைவியிடம்.

"நாலு படி ஏறினா பழைய பஸ் மாதிரி இரைக்குதே!"

"அது படியோட தப்பு."

அவள் சண்டைக்கு வரவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் சமையலறை அலமாரியில் ஒரு பூட்டு தொங்கியது.

"பேரீச்சம்பழ உருண்டை. எனக்கு மட்டும். நீங்க தொடக் கூடாது."

முப்பது வருஷமாகப் பூட்டுத் திறக்கிறவரிடம் பேசுகிற பேச்சா இது? அவள் குளிக்கப் போனாள். இவர் கம்பியை விட்டார். டிக்! உள்ளே ஒரே ஒரு உருண்டை. லேசாகத் துரு வாடை. சாவியைப் பல்லில் கவ்விப் பழகிய வாய்க்கு அதெல்லாம் ஒரு வாடையா?

தினமும் இதே கூத்து. தினமும் ஒன்றே ஒன்று. சரியான கஞ்சம்! மேசையில் எலுமிச்சைச் சாறு மட்டும் தாராளமாக இருக்கும். டீ கேட்டால், "பால் இன்னும் காயலங்க" என்று ஒரு மணி நேரம் இழுப்பாள்.

மூன்றாவது வாரம், கழிப்பறையில் நெடுநாளாக எரியாமல் கிடந்த பல்பை மாற்றினார். மறுநாள் காலை அந்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்.

கறுப்பு. தார் ரோட்டுக் கறுப்பு.

குடல் வெந்துவிட்டதோ? பூட்டி வைத்தது, தினம் ஒன்று... ஐயோ, எலிக்கு வைத்ததோ! கேட்டால் திருட்டு வெளியே வரும். கேட்காவிட்டால் உயிர் வெளியே போகும்.

ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. உருண்டை மட்டும் எப்படியோ இறங்கியது.

"கடைச் சாவி சிவப்புப் பெட்டியில இருக்கு" என்றார். "நான் போயிட்டா தேடாதே."

"எங்க போறீங்க?"

"மேல."

"மொட்டை மாடிக்கா? அப்படியே துணியை எடுத்துட்டு வந்துடுங்க."

எடுத்து வந்தார். துணி மூட்டையோடு அவள் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உருண்டையைத் தின்னது நான்தான்! எல்லாம் கறுப்பாப் போகுது! அதுல என்ன விஷம்டி?"

"இரும்புச்சத்துப் பொடி. கறுப்பாத்தான் போகும்னு டாக்டரம்மா அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க. எலுமிச்சையில வைட்டமின் சி இருக்கு. அது இருந்தா இரும்பு உடம்புல நல்லா சேரும். கூடவே டீ குடிச்சா சேராது." அவள் துணி மடித்தாள். "முப்பது படி ஏறி இறங்கிட்டு இவ்ளோ நேரம் கத்துறீங்க. இரைக்குதா?"

இரைக்கவில்லை. அதுதான் அவமானம்.

"இனிமே அதைத் தொட்டா என்னை என்னன்னு கேளு!"

"தொட முடியாதுங்க. நாளையிலேர்ந்து நம்பர் பூட்டு. உங்களால திறக்கவே முடியாதுன்னு எதிர்க்கடைப் பூட்டுக்காரர் அடிச்சுச் சொன்னார்."

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனாள். குளியலறைக் கதவு சாத்திய சத்தம் இன்னும் அடங்கவில்லை.

டிக்!